வாசலில் மூன்று படி

வெள்ளவத்தையில் என் சித்தி இருக்கிற தொடர்மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி அதுதான்: "லிஃப்ட் இருக்குத்தானே, பிறகென்ன பிரச்சினை?" லிஃப்ட் இருக்கு. லிஃப்டுக்குப் போவதற்கு முன்னால் மூன்று படியும் இருக்கு.

சித்தியின் மகனுக்கு இப்போது பதினொரு வயது. தம்பிக்குப் பிறந்ததிலிருந்து செரிபிரல் பால்சி. டாக்டர்மார் தமிழில் பெருமூளை வாதம் என்று எழுதுவார்கள். நன்றாகக் கதைப்பான், கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் விரல்நுனியில். நடப்பதில்லை. ஐந்து வயதுவரை அந்த மூன்று படி எங்கள் யாருடைய கண்ணிலும் படவில்லை. இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினால் சரி. இப்போது அவன் 31 கிலோ, சக்கர நாற்காலி 17 கிலோ. காலையில் பாடசாலை வான் வரும்போது சித்தப்பா ஒரு பக்கம், வாச்சர் ஒரு பக்கம் பிடித்து இறக்குவார்கள். வாச்சர் லீவு என்றால் பக்கத்துக் கடைக்காரப் பெடியன். அவனும் இல்லையென்றால் சித்திதான். போன வருஷம் சித்திக்கு நாரி பிடித்து இரண்டு கிழமை படுக்கை.

வீட்டுக்குள்ளே செய்யக்கூடியதெல்லாம் செய்தாயிற்று. பாத்ரூம் கதவு இரண்டடி மூன்று அங்குலம். நாற்காலி போகும், ஆனால் சக்கரத்தைத் தள்ளுகிற கைவிரல் நிலையில் உரசித் தோல் போகும். நிலையையே பெயர்த்து, கதவை இழுத்துச் சாத்துகிற கதவாக மாற்றினார்கள். பாத்ரூம் வாசலில் தண்ணீர் அறைக்குள் வராமல் இருக்க மூன்று அங்குலக் கட்டு ஒன்று இருந்தது. அதை உடைக்கச் சொன்னதும் மேசன் பாஸ் தலையில் கை வைத்தார். "தண்ணி முழுக்க ரூமுக்குத்தான் வரும் மிஸ்." கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: தரை முழுவதையும் கிளப்பி, தூர மூலையிலிருக்கும் குழியைப் பார்த்துச் சரிவாகப் போட்டு, வழுக்காத சொரசொர டைல்ஸ் பதித்தால் கட்டே தேவையில்லை. கைபிடி பூட்டும்போது இன்னொரு சிக்கல். சுவர் பொந்துள்ள சீமெந்துக் கல். ஆணி சும்மா சுற்றியது. கல்லின் பொந்துக்குள் கொங்கிரீட் நிரப்பி, காயவிட்டு, பிறகு பூட்டினார்கள். சுவிட்சுகளையும் கீழே இறக்கினார்கள். தம்பிக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அதுதான். இரவு பதினொரு மணிக்கும் லைட்டைப் போட்டு நிப்பாட்டிக்கொண்டிருப்பான்.

ஆக, வீட்டுக்குள் ராஜா. வாசலில் மறுபடி சாமான் மூட்டை மாதிரித் தூக்கிப் போகவேண்டிய ஆள்.

இந்தப் படி ஏன் இங்கே இருக்கு என்று ஒருநாள் எரிச்சலோடு தேடத் தொடங்கினேன். அப்படித்தான் இந்தக் கட்டுரை வந்தது.

அம்மம்மாவின் பழைய வீடு கொட்டாஞ்சேனையில். ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. தெருவிலிருந்து இரண்டு படி ஏறினால் சின்னத் திண்ணை மாதிரி ஓர் இடம், மேலே ஓடு, இரண்டு தூண். யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் அதை விறாந்தை என்பார்கள். அம்மம்மா "இஸ்தோப்பு" என்பார். சிங்களத்திலும் இஸ்தோப்புவதான். சொல் ஒல்லாந்தருடையது: ஸ்டூப். வீட்டு வாசலின் முன்னால் உயர்த்திக் கட்டிய மேடை, படி. இங்கிலிஷின் 'ஸ்டெப்' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்று. நியூயோர்க்கிலும் ஒல்லாந்தர் குடியிருந்ததால் அங்கேயும் வாசற்படிக்கு 'ஸ்டூப்' என்ற பெயர் இன்றுவரை இருக்கிறது. ஹொலிவூட் படங்களில் வாசலில் உட்கார்ந்து கதைப்பார்களே, அந்தப் படிகள்தான்.

ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்தது 1656இல். கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்து மேட்டில் நிற்கிற வுல்ஃபண்டால் தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியது 1749இல். அவர்கள் விட்டுப்போன சொற்களில் கந்தோரும் இஸ்தோப்பும் இன்னும் எங்கள் வாயில் இருக்கின்றன. உயர்ந்த வாசலை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று சொல்லவரவில்லை. மழை கொட்டுகிற ஊரில் யார் வீடு கட்டினாலும் நிலத்தை உயர்த்தித்தான் கட்டுவார்கள். நம் ஊர்த் திண்ணையும் அப்படித்தான். ஆனால் ஒரு பகுதி மொத்தத்துக்கும் வாசலின் பெயரே 'படி' என்று ஆகிவிட்டது என்பதை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் நுழைவதென்றால் ஏறுவது. ஏற முடியாதவர் ஒருவர் அந்த வீட்டில் பிறப்பார் என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இல்லை.

பிறகு பிரித்தானியர் காலம். 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தது. நெருக்கமான வீடுகள், எலி, இருட்டறை எல்லாம் நகரசபையின் கண்ணில் பட்டன. அடுத்த வருஷமே வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது: 1915இன் 19ஆம் இலக்கம். கொழும்பில் வீடு எப்படி இருக்கவேண்டும் என்று அரசு அளவுநாடாவோடு யோசித்த பெரிய சட்டம் அது. அதன் கவலை காற்று, வெளிச்சம், வீட்டுக்குப் பின்னால் விடவேண்டிய வெளி, தெருவின் அகலம். நியாயமான கவலைகள்தான். சாவு தெருவால் வந்துகொண்டிருந்த காலம்.

அதே காலத்தில் மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்கு நாடு கொடுத்த பதில் வேறு திசையில் இருந்தது. 1912இல் மேரி சாப்மன் என்ற மிஷனரிப் பெண், வெள்ளவத்தைக்கு அடுத்த தெஹிவளையில், காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். பிறகு அது இரத்மலானைக்குப் போனது. வடக்கில் 1956இல் கைதடி நவீல்ட் பாடசாலை வந்தது. இரண்டும் எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கொடுத்த இடங்கள். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு நினைப்பு ஒளிந்திருக்கிறது: பிள்ளைக்கு ஏற்ற கட்டடம் வேறு எங்கோ இருக்கும், பிள்ளை அங்கே போகவேண்டும். பிள்ளை பிறந்த வீடு அப்படியே இருக்கும்.

வீட்டில் என்ன நடந்தது என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன்.

அம்மம்மாவின் மூத்த மகனுக்கு, என் பெரிய மாமாவுக்கு, இரண்டு வயதில் போலியோ. 1962. அந்த வருஷம் இலங்கையில் போலியோ பெரிதாகப் பரவியது. வாய்வழிச் சொட்டு மருந்து இங்கே தொடங்கியதும் அதே வருஷம்தான். மாமாவுக்கு அது சில மாதம் பிந்தி வந்தது. (நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். என் வயதுக்காரர் யாரும் போலியோ வந்த ஒரு குழந்தையைக் கண்டிருக்க மாட்டோம்.) கொட்டாஞ்சேனை வீட்டின் இரண்டு படியையும் மாமா கையால் ஊன்றி, இருந்து இருந்து ஏறுவாராம். கக்கூஸ் வளவின் பின்னால், நாலு வீட்டுக்கும் பொது. அங்கே போக அம்மப்பா தூக்குவார். அம்மப்பா வேலைக்குப் போனால் அம்மம்மா. மாமா வளர்ந்த பிறகு சாக்கும் பலகையும் வைத்து மறைத்த ஒரு மூலை.

"படியை இடிச்சு ஒரு சரிவு போட்டிருக்கலாமே அம்மம்மா" என்று நான் கேட்டேன்.

"வாடகை வீட்டில எப்பிடியடா இடிக்கிறது?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அப்பிடி ஒண்டு செய்யலாம் எண்டே எங்களுக்குத் தெரியாது. தூக்கினால் சரிதானே எண்டு இருந்தம்."

அந்த இரண்டாவது வசனம் என்னை விடவில்லை. கொழும்பில் நம்மாட்களின் வீட்டு வரலாற்றில் இந்தத் 'தூக்கினால் சரிதானே' எல்லா இடத்திலும் வருகிறது. வாடகை வீடு, தோட்டத்துக்குள் ஒரு அறை, சொந்தக்காரர் வீட்டில் ஒரு பக்கம், லொட்ஜ். நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதவர் நிலையை இடிக்க மாட்டார். சீமெந்து போடுவதென்றால் இங்கேதான் இருக்கப் போகிறோம் என்ற நம்பிக்கை வேண்டும்.

1978இல் அவர்கள் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், மறுபடி வாடகைக்கு. 1983 ஜூலையில் கும்பல் ஒழுங்கைக்குள் வந்தபோது பின்சுவர் ஏறிக் குதித்துத்தான் தப்பினார்கள். மாமாவுக்கு அப்போது 23 வயது. அம்மப்பா முதுகில் கட்டி ஏற்ற, சுவருக்கு அந்தப் பக்கம் சிங்களக் குடும்பத்து ஐயா ஒருவர் ஏணி போட்டு வாங்கினார். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது எரிந்த வீட்டைப் பற்றிக்கூட அவ்வளவு சொல்ல மாட்டார். அந்தச் சுவரின் உயரத்தைத்தான் கையால் காட்டுவார். மாமா 1991இல் காலமானார். அவர் ஒருநாளும் சக்கர நாற்காலியில் இருந்ததில்லை; இருந்திருந்தாலும் அதை உருட்டுவதற்கு அந்த வீடுகளில் இடமிருக்கவில்லை.

83க்குப் பிறகும், முக்கியமாகத் தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து சனம் வந்து சேரச் சேர, வெள்ளவத்தை மேல்நோக்கி வளர்ந்தது. எட்டு பேர்ச், பத்து பேர்ச் காணியில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் பன்னிரண்டு குடும்பம். சட்டம் அதற்கு முன்பே தயாராக இருந்தது: 1973இன் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டம். முன்பெல்லாம் வீடு என்றால் காணியோடு சேர்ந்தது. இந்தச் சட்டம் ஆகாயத்தில் இருக்கிற நாலு சுவரைத் தனியாக உறுதி எழுதி விற்கலாம் என்றது. மிச்சமெல்லாம், அதாவது மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, வாசல், எல்லா உரிமையாளருக்கும் பிரிக்காத பங்காகச் சொந்தம்.

எங்கள் மூன்று படியின் ஜாதகம் இங்கேதான் இருக்கிறது. அது சித்தியின் படி இல்லை. வாச்சருடையதும் இல்லை. பதினாறு வீட்டுக்காரரின் படி. உள்ளே பாத்ரூமை இடிக்கச் சித்தப்பாவுக்கு ஒருத்தரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. வாசலில் ஒரு கூடை மண் போடவும் பதினாறு பேரைக் கேட்கவேண்டும், அதில் நாலு பேர் கனடாவில். எல்லாருக்கும் சொந்தமான படியைத் தொட ஒருவருக்கும் துணிவில்லை.

ஏன் உயர்த்திக் கட்டினார்கள்? பழைய காரணம்தான். மழை வந்தால் ஒழுங்கைத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. இஸ்தோப்பின் பேரப்பிள்ளை இது. கொங்கிரீட் சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கணக்குப் பிடிக்காதவர்களும் தயவுசெய்து இருங்கள், இது நல்லாயிருக்கும்.

சாய்தளத்துக்கு உலகம் முழுக்கக் கட்டடக்காரர் சொல்கிற அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: ஓரங்குலம் உயர, பன்னிரண்டு அங்குலம் நீளம். இந்த அளவு வானத்திலிருந்து விழவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து அமெரிக்காவில் காயப்பட்ட சிப்பாய்கள் பல்கலைக்கழகம் போக வெளிக்கிட்டார்கள். இல்லினோய் பல்கலைக்கழகத்தில் டிமொதி நியூஜன்ட் என்பவர் சக்கர நாற்காலி மாணவர்களுக்கான திட்டம் ஒன்றை 1948இல் தொடங்கினார். வாசல், சரிவு, கதவு என்று அங்கே பரீட்சித்துப் பார்த்த அளவுகள்தான் 1961இல் அமெரிக்காவின் முதல் தராதரமாக வந்தன. உலகத்தின் மற்ற நாடுகளும் அங்கிருந்துதான் பெரும்பாலும் எடுத்தன. ஆனால் கவனியுங்கள், அந்த அளவுகளின் மனதில் இருந்தது வளர்ந்தவர்களின் உடம்பு. தன் கையால் தன் சக்கரத்தைத் தள்ளுகிறவர். பதினொரு வயதுப் பிள்ளையும், பின்னால் நின்று தள்ளுகிற நாரி பிடித்த அம்மாவும் அந்தப் படத்தில் இல்லை.

இருந்தாலும் கணக்கு அம்மாவுக்கும் உதவுகிறது. தம்பியும் நாற்காலியும் சேர்ந்து 48 கிலோ. படியில் அந்த 48 கிலோவையும் தூக்கவேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் தள்ளினால் தேவைப்படுவது 48இல் பன்னிரண்டில் ஒரு பங்கு: நாலு கிலோ தூக்குகிற பலம், சக்கரத்தின் உராய்வுக்கு இன்னும் கொஞ்சம். ஒரு அரிசிப் பையின் கனம். சித்தி தனியாகச் செய்யலாம். இன்னும் நாலு வருஷம் போய் அவன் 50 கிலோ ஆனாலும் செய்யலாம்.

சிக்கல் நீளத்தில். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம், மொத்தம் பதினெட்டு. சாய்தளம் பதினெட்டு அடி வேண்டும். படியிலிருந்து கேற்றுக்கு இருக்கிற தூரம் பதினொரு அடி. ஆகவே நடுவில் திருப்பவேண்டும். நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் வேண்டும். அதை எங்கே எடுப்பது? கார் நிறுத்துகிற இடத்திலிருந்து. வெள்ளவத்தையில் யாரிடமாவது கார் நிறுத்துகிற இடத்தில் நாலு அடி கேட்டுப் பாருங்கள். சிறுநீரகம் கேட்டால்கூடக் கொஞ்சம் யோசித்துப் பதில் சொல்வார்கள்.

வீட்டைத்தான் முதலில் மாற்றவேண்டும் என்று சொன்ன ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார் என்பது தேடும்போதுதான் தெரிந்தது. பத்மானி மெண்டிஸ், இலங்கையின் பிசியோதெரபிஸ்ட். உலக சுகாதார நிறுவனம் எழுபதுகளின் கடைசியில் ஒரு கேள்வி கேட்டது: ஏழை நாடுகளில் ஆஸ்பத்திரிக்கும் விசேட பாடசாலைக்கும் வரமுடியாத கோடிக்கணக்கான பேருக்கு என்ன செய்வது? அதற்குப் பதிலாக உருவான கைநூலை எழுதிய நாலு பேரில் இவர் ஒருவர். பல நாடுகளில் பரீட்சித்துப் பார்த்து 1989இல் அது முழு வடிவில் வந்தது. அதன் அடிப்படை எளியது: பயிற்சி கொடுக்கிறவர் வீட்டில் இருக்கிற ஒருவர், பயிற்சி நடக்கிற இடம் வீடு, சாமான் ஊரில் கிடைக்கிற மரமும் கயிறும். 1987இல் டேவிட் வேர்ணர் மெக்சிகோ மலைக்கிராமங்களின் அனுபவத்தில் எழுதிய புத்தகமும் இதே வழிதான்: தடியால் கைபிடி, கார்ட்போட்டால் கதிரை, மண்ணால் சரிவு, எல்லாம் படம் போட்டு. இரண்டும் மனதில் வைத்தது கிராமத்து வீட்டை, முற்றம் உள்ள வீட்டை. நாலாம் மாடி இதில் இல்லை. ஆனால் அம்மம்மா சொன்ன 'தெரியாது' என்பதற்கு நேரான மருந்து இதுதான். மாமா உயிரோடு இருந்த காலத்திலேயே, அதே நாட்டிலேயே அந்த அறிவு இருந்திருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேரவில்லை.

சட்டம் பிறகு வந்தது, பொதுவழியால் வந்தது. 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பற்றியது. அதன் கீழ் 2006 ஒக்டோபரில் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. பொதுக் கட்டடம், பொது இடம், பொதுச் சேவை தரும் இடம் எல்லாம் மூன்று வருஷத்துக்குள் திருத்தப்படவேண்டும் என்றது. தவணை பிறகு நீண்டது, நம் நாட்டில் எல்லாத் தவணையும் போல.

இந்த விதிகள் கடதாசியில் செத்துப்போகாமல் இருந்ததற்கு ஒரு மனிதரைச் சொல்லவேண்டும்: கலாநிதி அஜித் பெரேரா. வேதியியல் படித்தவர், கிரிக்கெட் நடுவர். 1992இல் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கார்மேல் தெருவோர மரம் ஒன்று விழுந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. அவர் தன் வழக்கைத் தானே உயர்நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உத்தரவு வந்தது: புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள், அவற்றின் மலசலகூடம் உட்பட, எல்லாரும் பாவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும், மீறுவது தண்டனைக்குரியது. 2020இல் அவர் காலமானார். வெள்ளவத்தையில் இன்று ஏதாவது ஒரு வங்கி வாசலில் சரிவைக் கண்டால் அதில் அவருடைய பங்கு கொஞ்சம் இருக்கிறது. சில இடங்களில் அந்தச் சரிவு பல்லி ஏறுகிற மாதிரிச் செங்குத்து, கடமைக்குப் போட்டது. அவர் இருந்திருந்தால் அதற்கும் பத்திரிகையில் எழுதியிருப்பார்.

ஆனால் வங்கிக்குப் போகவேண்டுமென்றால் முதலில் வீட்டை விட்டு வெளியே வரவேண்டுமே. சட்டத்தின் வாய் 'பொது' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. 2016 பெப்ரவரியில் இலங்கை ஏற்றுக்கொண்ட ஐநா சமவாயத்தின் 9ஆம் உறுப்புரையில் பாடசாலை, ஆஸ்பத்திரி, வேலைத்தலம் என்று போகிற பட்டியலில் வீடும் பெயர் சொல்லி இருக்கிறது. அது சர்வதேசக் கடதாசி. எங்கள் கொமிட்டிக் கூட்டத்தில் இதை நான் வாசித்துக் காட்டியபோது இரண்டாம் மாடி அங்கிள் கேட்டார், "தம்பி, இது கொழும்பு ஆறுக்கும் சரியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் கோபம் வந்தது.

காசு விஷயத்தையும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் 1990இலிருந்து ஒரு மானியம் இருக்கிறது. மாற்றுத்திறனாளி இருக்கிற வீட்டில் கதவை அகலமாக்க, குளியலறையைத் தரைமட்டமாக்க, லிஃப்ட் வைக்க உள்ளூராட்சி சபை காசு தரும். இங்கிலாந்துக்குள் உச்சம் 30,000 பவுண். 2005இன் கடைசியில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள்: பிள்ளைக்காக விண்ணப்பித்தால் பெற்றோரின் வருமானத்தைப் பார்க்க மாட்டார்கள். பிள்ளையின் தேவை பிள்ளையுடையது, அப்பாவின் சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்ற கொள்கை. அங்கேயும் காத்திருப்பு நீளம் என்று லண்டன் சொந்தக்காரர் சொல்கிறார்கள். ஆனால் கேட்க ஒரு கதவு இருக்கிறது. இங்கே சமூகசேவைப் பக்கத்து உதவிகள் மிகக் குறைந்த வருமானக்காரருக்கானவை. சித்தப்பாவுக்கு அந்த வரிசையில் நிற்க முடியாது, பாத்ரூம் வேலைக்கு மட்டும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது. நடுவில் நிற்கிறவர்களுக்கு வங்கிக் கடன்தான்.

2022ஐ நினைவிருக்கிறதா? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். டீசல் இல்லை, ஆகவே ஜெனரேட்டரும் இல்லை. நாங்கள் எல்லாரும் அந்த வருஷத்தை கியூவாலும் போராட்டத்தாலும் நினைக்கிறோம். சித்தி வீட்டில் அது லிஃப்ட் நின்ற வருஷம். நாலாம் மாடி. தம்பிக்கு எட்டு வயது. முதல் கிழமை சித்தப்பா தூக்கி இறக்கினார். இரண்டாம் கிழமை ஒரு வளைவில் கால் தடுமாறி இருவரும் சுவரில் அடிபட்டார்கள். அதோடு விட்டார்கள். ஐந்து கிழமை தம்பி தரைக்கு வரவில்லை. பல்கனியில் இருந்து காலி வீதியில் பெற்றோல் கியூ எவ்வளவு நீளம் என்று எண்ணி எனக்கு கோல் பண்ணிச் சொல்வான். பிசியோவுக்குப் போகாததில் காலின் பின்நரம்பு இறுகிவிட்டது. அதை மறுபடி இளக்க எட்டு மாதம் எடுத்தது. அந்த வருஷத்தின் இழப்புக் கணக்குகளில் இப்படியானது எங்கேயும் பதிவாகவில்லை.

அதற்குப் பிறகுதான் சித்தி கொமிட்டிக்கு முதல் கடிதம் எழுதினார். அதுவரை கேட்கவே கூச்சம். "எங்கட பிள்ளைக்காக மற்றவைய ஏன் கஷ்டப்படுத்துவான்" என்பார். மூன்றாம் கூட்டத்தில்தான் திருப்பம் வந்தது. அது சித்தியாலோ என் 9ஆம் உறுப்புரையாலோ வரவில்லை. முதலாம் மாடி மாமிக்கு முழங்கால் ஒப்பரேஷன் நடந்து, வோக்கரோடு வந்து இறங்கினார். அந்த மூன்று படிக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றார். அடுத்த கூட்டத்தில் மாமிதான் முதலில் எழும்பினார்: "எனக்கு ஒரு சரிவு வேணும். அந்தப் பெடியனுக்கும் வேணும்." கார் நிறுத்துகிற அங்கிளுக்கும் எழுபத்திரண்டு வயது என்பதை யாரோ மெதுவாக ஞாபகப்படுத்தினார்கள்.

இப்போதைக்கு ஒரு பலகை இருக்கிறது. ஆறடி பிளைவூட், அடியில் இரண்டு மரச்சட்டம், மேலே பழைய கார் மிதிப்பு ரப்பர். வாச்சரின் கதிரைக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கும். வான் வரும்போது எடுத்துப் போடுவார். ஒன்றுக்கு நாலு சரிவு. ஆபத்தானது, தெரியும். இறங்கும்போது நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பித்தான் இறக்கவேண்டும், ஒருவர் கீழே நின்று தாங்கவேண்டும். ஆனால் தூக்குவதில்லை. தம்பி இறங்கும்போது கமெண்ட்ரி சொல்லிக்கொண்டே இறங்குவான்.

ஒக்டோபர் மழையில் பலகை ஊதி ஓரம் உரியத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மேசன் பாஸ் வந்து அளந்தார். அதே பாத்ரூம் பாஸ்தான். பதினொரு அடி, திருப்பம், பிறகு ஏழடி. கார் இடத்தில் நாலடி இரண்டங்குலம் வேண்டும் என்று சுண்ணாம்பால் தரையில் கோடு போட்டுவிட்டுப் போனார். அங்கிள் தன் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்த்தார். கண்ணாடி தூணில் முட்டுகிறதாம். கண்ணாடியை மடக்கலாமே என்று தம்பி மேலே பல்கனியிலிருந்து கத்தினான்.